நாற்பத்தொரு கிலோமீட்டர்

பரிசாக வந்த பொருளை விற்பதற்குப் பல்லுவின் மனைவி நான்கு விதிகள் வைத்திருந்தாள். வந்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். கொடுத்தவருக்குத் தெரிந்த ஆளுக்கு விற்கக் கூடாது. வாங்க வருகிறவர் நம் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. கொடுத்தவர் என்றைக்காவது கேட்டால், "தங்கச்சி வீட்டுல இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். அவளுக்குத் தங்கச்சியே கிடையாது. யாரும் போய்ப் பார்த்துவிட முடியாது என்பதுதான் அந்த விதியின் சிறப்பு.

பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். எதிலும் ஒரு முறை வேண்டும் அவளுக்கு. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது சேர்ந்த ஏழு சுவர்க் கடிகாரங்களில் ஆறையும், யாரும் தொடாத கண்ணாடிக் கிண்ணங்களையும், பழைய சாமான் விற்கும் ஆப் ஒன்றில் ஏற்றிச் சத்தமில்லாமல் கரை சேர்த்திருந்தாள்.

"பரிசுன்னா என்ன? அவங்க கடமையைக் கழிச்சுட்டு நம்ம வீட்டு மூலையை அடைக்கிறது," என்பாள். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுன்னுதான் பெரியவங்க சொன்னாங்க. விக்கக் கூடாதுன்னு சொல்லல."

பல்லுவுக்கு அதில் ஆட்சேபணை இருந்ததில்லை. அவன் டெண்டல் லேபில் பொய்ப்பல் செய்கிறவன். இருபது வருஷமாக மெழுகும் சுண்ணமும் அரவைத் தூளுமாகவே உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவி எதை விற்றாலும் கண்டுகொள்ள மாட்டான். ஆனால் எக்சர்சைஸ் சைக்கிளை விற்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது மட்டும் கொஞ்சம் இழுத்தான்.

"அது ஹாரன் குடுத்ததாச்சே." ஹாரன் அவனுடைய பள்ளிக்கூட நண்பன்.

"ஒரு வருஷம் பத்து மாசம் ஆச்சு. விதிப்படி சரி. அதுல ஈரத்துண்டு காயப் போடறதைத் தவிர வேற என்ன நடக்குது? துண்டுக்கு எதுக்கு பெடல்?"

சனிக்கிழமை மாலை மச்சான் வேனோடு வந்து சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனான். மனைவியின் தம்பி அவன். பழைய அட்டைப்பெட்டி வாங்கி விற்கிறவன். வாங்க வருகிறவர்கள் அவனுடைய கிடங்குக்குத்தான் வருவார்கள். மூன்றாம் விதி.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுக் கைகழுவி வந்த பல்லுவிடம் மனைவி தன் போனை நீட்டினாள். "ஆள் கிடைச்சாச்சு. அஞ்சு மணிக்கு வராரு. தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவர் என்னமோ அனுப்பியிருக்காரு, நான் இன்னும் பார்க்கல."

வாங்குகிறவரின் பெயர் "பஸ் 37" என்றிருந்தது. பக்கத்தில் நகமளவு படம். பல்லு அதைத் தொட்டுப் பெரிதாக்கினான். ஒரு பேருந்தின் முன்புறம். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழங்கை நீட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் எத்தனையோ முழங்கைகள் இருக்கலாம். வெயிலில் ஒரு பக்கம் மட்டும் கருகிய, பள்ளிக்கூட நாளில் மரத்திலிருந்து விழுந்து கோணலாகச் சேர்ந்த முழங்கை ஒன்றுதான், ஹாரனுடையது. விழுந்தபோது கீழே நின்றவன் பல்லு.

அரட்டையை மேலிருந்து படித்தான்.

மனைவி விளம்பரத்தில் சைக்கிளின் மீட்டரையும் படமெடுத்துப் போட்டிருந்தாள். "மொத்தமே 41.3 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. புதுசு மாதிரி."

பஸ் 37: "வெறும் 41 தானா? யாருங்க அந்தச் சோம்பேறி?"

மனைவி: "எங்க வீட்டுக்காரர்தான்."

அதற்கு இன்று காலை வந்த பதில்: "என் ஃப்ரெண்டுக்கு இதே மாடல் நான்தான் வாங்கிக் குடுத்தேன் மேடம். ஆறாயிரம் தாண்டிட்டான். உங்க வீட்டுக்காரரை ஒரு நாள் அவன்கிட்ட அனுப்புங்க. நாலு வார்த்தை சொல்லித் தருவான்."

பல்லு நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு எழுந்தான். ஜன்னல் வரை போனான். திரும்பி வந்து அதையே மறுபடி படித்தான்.

விஷயம் இதுதான். ஒரு வருஷம் பத்து மாசத்துக்கு முன்னால் டாக்டர் அவனுக்குச் சர்க்கரை என்று சொல்லி, மாத்திரை எழுதி, உடம்பை அசை என்று விரட்டினார். கேள்விப்பட்ட ஹாரன் மறுவாரமே சைக்கிளோடு வந்துவிட்டான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடியும் தோளில் வைத்துத் தூக்கினான். ஹாரன் பேருந்து ஓட்டுகிறவன். பேச ஆரம்பித்தால் வண்டி தேவையில்லை, அவன் தொண்டையே போதும் என்பதால் அந்தப் பெயர். பல்லு முதல் வாரம் ஒழுங்காக மிதித்தான். இருக்கை இடுப்பைக் கடித்தது. பெடல் கிறீச்சிட்டது. ஒன்பது தடவைக்குப் பிறகு ஏறவில்லை.

ஆனால் ஹாரன் தினமும் கேட்டான். சாயங்காலம் நாலு பத்துக்கு ஒரு டிரிப் முடியும். கண்டக்டர் டீ குடிக்கப் போகும் நேரத்தில் போன் வரும். "இன்னைக்கு எத்தனைடா?" முதல் பொய் ஐந்து கிலோமீட்டர். அதை ஹாரன் தன் டிரிப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான். டிரைவர் புத்தி, ஓடிய தூரம் எழுதப்படாமல் போகக் கூடாது அவனுக்கு. எழுதிக் கூட்டினான். கூட்டியதைப் படித்துக் காட்டினான். "ஆயிரம் தாண்டிட்டடா." "இப்ப நீ என் பஸ்ஸோட ஒரு வாரத்தை முந்திட்ட."

பல்லு தன் தொழிலை இதிலும் காட்டினான். பொய்ப்பல் எல்லாம் ஒரே அளவாக, ஒரே வெள்ளையாக இருந்தால் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். ஒன்றைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும்; ஒன்றில் லேசாக மஞ்சள் ஏற்ற வேண்டும். அதே போல ஒரு நாள் பதினான்கு என்றால் மறுநாள் ஏழு. மழை நாளில் முழங்கால் வலி. மாசத்துக்கு இரண்டு நாள் விடுப்பு. ஹாரன் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. மாத்திரையால் சர்க்கரை இறங்கியபோது அதுவும் சைக்கிளின் கணக்கில் சேர்ந்தது. அந்த உற்சாகத்தில் ஒரு நாள் பல்லு, "மாத்திரையெல்லாம் விட்டு எட்டு மாசமாச்சு," என்று சொல்லி வைத்தான். கேட்டவனுக்கு அவ்வளவு சந்தோஷம். சொன்னவனுக்கும் நன்றாகத்தான் இருந்தது.

"என்ன, முகம் இப்படி ஆயிடுச்சு?" என்றாள் மனைவி.

சொன்னான். சைக்கிளை வாங்குவது யார் என்பதையும், ஆறாயிரத்தையும். மாத்திரையை மட்டும் சொல்லவில்லை. அவள் முதலில் விதிகள் உடைந்ததற்காகத் திடுக்கிட்டாள். பிறகு ஆறாயிரம் உள்ளே இறங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீங்களா? நாலு மாடி ஏறினா அரை மணி நேரம் மூச்சு வாங்குவீங்க. ஆறாயிரமா?"

"சிரிக்காத. என்ன பண்றது சொல்லு."

"இதுக்கு எதுக்கு இந்த ஆட்டம்? வித்துப்போச்சுன்னு போட்டுடுங்க. ஹாரன் அண்ணன் வேற சைக்கிள் பார்த்துக்குவாரு. நம்மளும் வேற ஆள் பார்த்துக்கலாம்."

அவ்வளவுதான். இவ்வளவு எளிதா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. "மன்னிக்கணும் சார், வித்துப்போச்சு," என்று தட்டி அனுப்பினான். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்தான் தான் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டான். போன் அதிர்ந்தது.

"பரவாயில்ல மேடம். இதே மாதிரி வேற இருந்தா சொல்லுங்க, கொஞ்சம் அவசரம். ரெண்டு மாசத்துல எனக்கு வேலையில மெடிக்கல். பிரஷர் ஏறியிருந்தா பஸ் குடுக்க மாட்டாங்க, டிப்போ கேட்டுல உட்கார வச்சுடுவாங்க. என் ஃப்ரெண்டு மாத்திரை இல்லாமலே சைக்கிள்ல குணமாக்கிட்டான். அதைப் பார்த்துத்தான் நானும் போன வாரத்திலிருந்து மாத்திரையை நிறுத்திட்டேன்."

பல்லு அதை நின்றபடியே படித்தான். படித்து முடித்த பிறகும் நின்றுகொண்டே இருந்தான்.

"வேற ஆள் பார்க்கட்டுமா?" என்றாள் மனைவி.

"இரு."

சொந்தப் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினான். ஒரே ஒரு மாடி. மூச்சு வாங்கியது. ஹாரனை அழைத்தான்.

"என்னடா அதிசயம்," என்றது ஹாரனின் குரல். காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலும் கேட்கும். "நீயா கூப்பிடற. இன்னைக்கு எத்தனை?"

"அது கிடக்கட்டும். நீ பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடறியா?"

"ஏன், உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேக்கறேன்."

"நிறுத்திட்டேன். ஒரு வாரமாச்சு. ஜம்முன்னு இருக்கேன். காலையில எந்திரிச்சா மட்டும் தலை லேசா கிர்ருங்குது. அது பழகிடும்."

"டேய், நீ பஸ் ஓட்டறவன். பின்னாடி அறுபது பேரு உட்கார்ந்திருக்கான்."

"அறுபதா? எண்பது. நின்னுட்டு வர்றவனை யாரு சேர்க்கறது?"

"விளையாடாத. மாத்திரையைப் போடு. டாக்டரைக் கேட்காம எவனாவது நிறுத்துவானா?"

"நீ நிறுத்தலையா?"

பல்லு வாயைத் திறந்தான். கீழே தெருவில் ஒருவன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான். உதைத்தான், உதைத்தான், அது கிளம்பவில்லை.

"என்னுது வேற விஷயம்," என்றான் பல்லு.

"என்ன வேற? உனக்குச் சர்க்கரை, எனக்கு உப்பு. ரெண்டும் சமையக்கட்டுதான். இங்க பாரு, மாத்திரை சாப்பிடற டிரைவர்னு ஒரு தடவை ஃபைல்ல ஏறிச்சுன்னா அவ்வளவுதான். உன்னை மாதிரி நானும் காலால ஜெயிக்கறேன். உனக்கென்னடா, நான் உன் ஆறாயிரத்தைத் தாண்டிடுவேன்னு பொறாமையா?"

"பொறாமை இல்லடா."

"அப்ப வாழ்த்திட்டுப் போனை வை. ஒரு சைக்கிள் பார்த்தேன், இப்பத்தான் கைநழுவிப் போச்சு. வேற தேடணும். நேத்தோட உனக்கு ஆறாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. இன்னைக்கு எத்தனைன்னு சொல்லவே இல்லையே?"

"எட்டு," என்றது பல்லுவின் வாய். அவன் சொல்ல நினைக்கவில்லை. பழக்கம்.

"இருபது ஆச்சு. சபாஷ்." ஹாரன் வைத்துவிட்டான்.

பல்லு மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். சைக்கிளை வேறு ஒருவனுக்கு விற்றுவிடலாம். ஹாரனும் வேறு ஒரு சைக்கிள் வாங்குவான். யாருக்கும் எதுவும் தெரியாது. நட்பில் ஒரு கீறல் விழாது. நாளை காலை ஐந்தரைக்குத் தலை கிர்ரென்று சுற்ற அவன் எண்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்புவான். அதுவும் யாருக்கும் தெரியாது, தெரிகிற வரைக்கும்.

கீழே இறங்கி வந்து மனைவியின் போனை எடுத்தான். "வாங்க இருந்தவர் வரல சார். அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கங்க," என்று அனுப்பினான். கிடங்கின் முகவரியையும் அனுப்பினான். பிறகு மாத்திரைக் கதையை மனைவியிடம் சொன்னான். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"உண்மையைச் சொல்லணும்னா போன்லயே சொல்லியிருக்கலாமே."

"பார்த்தல்ல, போன்ல எனக்குப் பொய்தான் வருது. அதோட அவன் டிரைவர். வாயை நம்ப மாட்டான். மீட்டரைப் பார்த்தாத்தான் நம்புவான்."

"அவர் மூஞ்சியில முழிக்க முடியுமா உங்களால?"

"தெரியல."

"அப்ப உங்களைக் கேக்காமலே வித்தது நான்தான்னு சொல்லுங்க. எனக்கொண்ணும் இல்ல. அவர் என்ன என் கூடப் படிச்சவரா?"

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அது உதவாது என்று அவனுக்குத் தெரியும். விற்றது இப்போது ஒரு விஷயமே இல்லை.

கிடங்கு ஒரு நீளத் தகரக் கொட்டகை. மடித்துக் கட்டிய அட்டைகள் கூரை வரை நின்றன. நடுவில் கிடைத்த சிறிய வெற்றிடத்தில் சைக்கிள், கண்காட்சிக்கு வைத்தது போல நின்றது. மச்சான் அதைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருந்தான்.

"மாமா, நல்லா தேய்ச்சு வச்சிருக்கேன். இன்னும் கொஞ்சம் ஏத்திக் கேட்கலாம்."

"மாப்ள, நீ ஒண்ணும் கேக்காத. வர்றது என் ஃப்ரெண்டு. சைக்கிளை எனக்குக் குடுத்தவன்."

மச்சான் துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். "குடுத்தவருக்கேவா? அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" அவனுக்கு அக்காவின் விதிகள் பாடம். கொஞ்ச நேரம் யோசித்தான். "என்னை அவர் கல்யாணத்துல பார்த்திருக்காரு. ஆனா அப்ப எனக்கு முடி இருந்துச்சு. அடையாளம் தெரியாது. நீங்க வேணா அந்த அட்டைக்குப் பின்னாடி போயிடுங்க மாமா, நான் முடிச்சுவிடறேன்."

"ஒளியறதுக்கு வரல."

சொன்னானே தவிர, ஐந்து அடிப்பதற்குள் மூன்று முறை வாசலுக்குப் போய் வந்தான். சைக்கிளின் பக்கம் நின்று பார்த்தான். அதை விட்டுத் தள்ளி நின்று பார்த்தான். எங்கே நின்றாலும் திருடன் போலத்தான் இருந்தது. அட்டை வாசனையில் தும்மல் வந்தது. வெளியே ஒரு சின்னச் சரக்கு வண்டி வந்து நின்றது. ஹாரன் இறங்குவதற்கு முன்பே அவன் குரல் இறங்கிவிட்டது.

"சைக்கிள் விக்கிறது இங்கதானே?"

உள்ளே வந்தவன் பல்லுவைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தான். "டேய், நீ எங்கடா இங்க? உனக்கு ஒண்ணு பத்தலையா? இதையும் தேய்க்க வந்துட்டியா?"

மச்சான் அட்டைக்கட்டு ஒன்றை நிமிர்த்துவது போலப் பின்வாங்கினான்.

"இது என்னுது," என்றான் பல்லு.

"என்னது?"

"இந்தச் சைக்கிள். நீ குடுத்தது. விக்கறதுக்குப் போட்டது நாங்கதான்."

ஹாரன் சிரித்தபடியே சைக்கிளைப் பார்த்தான். பிறகு குனிந்து மீட்டரை அமுக்கினான். வரிசையாக எண்கள் வந்தன. மொத்தத் தூரத்தில் வந்து நின்றது. நாற்பத்தொன்று புள்ளி மூன்று. அவன் கட்டைவிரலால் கண்ணாடியைத் துடைத்தான். மறுபடி அமுக்கினான். அதே எண். டிரைவரின் மண்டைக்குள் கணக்கு ஓடுவது பல்லுவுக்குத் தெரிந்தது.

"பேட்டரி மாத்தினியா?" என்றான் ஹாரன். "மாத்தினா ஜீரோவுக்குப் போயிடும். அப்புறம் ஓட்டினதுதான் இந்த நாப்பத்தொண்ணா இருக்கும்."

கேட்டதா, கெஞ்சியதா என்று சொல்ல முடியாத குரல். ஹாரனிடமிருந்து அவ்வளவு மெல்லிய குரல் வரும் என்பதே பல்லுவுக்குத் தெரியாது. ஆமாம் என்று ஒரு சொல். போன மாசம்தான் மாத்தினேன் என்று இரண்டாவதாக ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். இந்த ஆள் நம்பிவிட்டு, வாங்க வந்ததை வாங்கிக்கொண்டு, விற்றதற்காக இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள் நாலு பத்துக்குக் கூப்பிடுவான்.

"மாத்தல," என்றான் பல்லு. "அன்னைக்குப் போட்ட பேட்டரிதான். ஒன்பது தடவை ஏறினேன். மீதி எல்லாம் வாயால ஓட்டினது."

ஹாரன் பின்பக்கத்துப் பையிலிருந்து டிரிப் நோட்டை எடுத்தான். கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். நெருக்கி நெருக்கி எழுதிய எண்கள். இன்றைய எட்டும் இருந்தது. அதை ஒரு தரம் பார்த்துவிட்டு மூடி, திரும்பப் பைக்குள் வைத்தான்.

"மாத்திரை?"

"தினமும் போடறேன்."

"எட்டு மாசமா?"

"ஆரம்பத்திலிருந்தே. ஒரு நாள் விட்டதில்ல."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட."

"அதையாவது சொல்லியிருக்கலாமேடா," என்றான் ஹாரன். "அது ஒண்ணுதான் நீ நெசமா பண்ணியிருக்க."

மச்சான் தொண்டையைச் செருமினான். "அண்ணே, டீ சொல்லட்டுமா?"

"வேணாம்." ஹாரன் ஒரு அட்டைக்கட்டின் மேல் உட்கார்ந்தான். கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டான். சைக்கிளைப் பார்த்துத் தலையை அசைத்தான். "ஏறு."

"என்ன?"

"ஏறுடா. வாங்கறவன் ஓட்டிப் பார்க்க வேணாமா? எனக்குத் தலை சுத்துது. நீ ஓட்டு, நான் பார்க்கறேன்."

பல்லு ஏறினான். இருக்கை இடுப்பைக் கடித்தது. கிறீச் கிறீச் என்று கொட்டகை முழுக்கச் சத்தம் பரவியது. மச்சான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான். ஒரு நிமிஷத்தில் வியர்த்தது. மூன்றாவது நிமிஷத்தில் வாய் வழியாக மூச்சு விட்டான். நிறுத்தலாமா என்று கேட்கத் தோன்றவில்லை. ஹாரன் மீட்டரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான், பேருந்து நிலையத்துக்குள் வண்டியைப் பின்பக்கமாக எடுக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பது போல. மீட்டர் நாற்பத்திரண்டைத் தாண்டியது. நாற்பத்திரண்டரை. தொடை கல்லாகிவிட்டது. நாற்பத்து மூன்றில் ஹாரன் கையைக் காட்டினான்.

"போதும். செயின் பக்கம் எண்ணெய் இல்லாமதான் கத்துது. ஒன்னே முக்கால் வருஷத்துல ஒரு சொட்டு விட்டதில்ல நீ."

பல்லு கைப்பிடியில் சாய்ந்தபடி இறங்கினான். பேச மூச்சு போதவில்லை. "எடுத்துட்டுப் போ. காசு வேணாம்."

"விக்கறதுன்னுதானே போட்டிருக்கீங்க? விலையும் போட்டிருக்கு." ஹாரன் பணத்தை எடுத்து மச்சானிடம் நீட்டினான். "எண்ணிப் பாருங்க."

"அண்ணே, இது..."

"எண்ணுங்க."

மச்சான் பல்லுவைப் பார்த்தான். பல்லு தரையைப் பார்த்தான். மச்சான் எண்ணினான். ஹாரன் சைக்கிளைத் தோளில் தூக்கினான். உதவ வந்த பல்லுவைக் கையால் விலக்கவில்லை. அவன் வந்த பக்கம் மட்டும் விட்டுவிட்டு மறுபக்கமாகத் திரும்பி நடந்தான். வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினான்.

"மாத்திரை போடுவியா?" என்றான் பல்லு, பின்னாலேயே வந்து.

"என் உடம்பு. நான் பார்த்துக்கறேன்."

"நாளைக்கு டூட்டி இருக்கா?"

ஹாரன் முடிச்சை இறுக்கினான். "இனிமே நீ எனக்குக் கணக்குச் சொல்லாத. நானும் உனக்குச் சொல்லல," என்று சொல்லிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டான். வண்டி போய்விட்டது.

திங்கள் காலை பல்லு மனைவிக்கு முன்னால் எழுந்து ரேடியோவில் விபத்துச் செய்தி ஏதாவது வருகிறதா என்று கேட்டான். வரவில்லை. லேபில் கீழ்வரிசைப் பல் இரண்டை மாற்றி வைத்துவிட்டு மறுபடி மெழுகை உருக்கினான். நாலு பத்துக்குப் போன் வரவில்லை. வராது என்று தெரிந்தும் அரவை மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை மதியம் 37 போகும் தெருவுக்குப் போய் நிறுத்தத்துக்கு எதிர்ச்சாரியில் நின்றான். பேருந்து வந்தது. முழங்கை வெளியே இருந்தது. வண்டி நேராக ஓடியது, ஒழுங்காக நின்றது, ஒழுங்காகக் கிளம்பியது. இதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று அவனுக்கே தெரியவில்லை. வேலைக்குத் தாமதமாகிப் பேச்சு வாங்கினான்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மனைவி அலுவலகத்திலிருந்து அழைத்தாள். குரல் கொதித்தது.

"உங்க ஃப்ரெண்டு என்ன பண்ணியிருக்காரு தெரியுமா? ஆப்புல எனக்கு ரெண்டு நட்சத்திரம் போட்டிருக்காரு. ரெண்டு. இத்தனை வருஷத்துல எனக்கு எல்லாரும் அஞ்சுதான் போட்டிருக்காங்க. கடிகாரம் வாங்கின ஆளு, அது ஓடவே இல்ல, அவரே அஞ்சு போட்டாரு."

"எழுதியிருக்கானா ஏதாவது?"

"எழுதாமலா? ஊரே படிக்கற மாதிரி எழுதியிருக்காரு."

"படி."

அவள் படித்தாள். "மீட்டர் உண்மை. சத்தம் வந்துச்சு, எண்ணெய் போட்டேன், நின்னுடுச்சு. விக்கிறவர் பேச்சை நம்ப வேண்டாம். மாத்திரை சாப்பிடறவங்க மாத்திரையை நிறுத்தாம ஓட்டவும். நான் அப்படித்தான் ஓட்டறேன்." நிறுத்தினாள். "சைக்கிள் விக்கற இடத்துல மாத்திரை எதுக்கு வருது? படிக்கறவன் என்ன நினைப்பான்? புகார் குடுத்து எடுக்கச் சொல்லட்டுமா?"

"எடுக்க வேணாம்."

"பதில் எழுதுங்கன்னு கேக்குது. என்ன எழுதறது?"

"ஒண்ணும் எழுதாத. அது அங்கயே கிடக்கட்டும்." பல்லு போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினான். விரல்களில் சுண்ணம் காய்ந்து வெடித்திருந்தது. "மறுபடி படி."

"எதுக்கு?"

"கடைசி வரியை மட்டும்."

படித்தாள். மூன்றாவது முறை கேட்டபோது போனை வைத்துவிட்டாள்.